இடப்பக்கம் சீவிய தாடி

மார்ச் 5, புதன்

காலை ஏழு மணிக்கு இசக்கிமுத்துவின் சலூன். பத்தொன்பது வருடமாகப் புதனும் ஞாயிறும் அவனிடம்தான் சவரம். ஒருமுறைகூட அவன் கத்தி என்னைக் கீறியதில்லை. இன்று இடது தாடைக்குக் கீழே நுரை தடவியவன் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றான். அழுத்தினான், விட்டான், மறுபடி அழுத்தினான்.

“சார், இங்கன ஒரு கட்டி மாதிரி உருளுதே. ஒங்களுக்குத் தெரியுமா?”

“நெறி கட்டியிருக்கும். பல்லு ஒண்ணு சரியில்ல.”

“போன மாசமே இருந்துச்சு. நாந்தான் சொல்லல. இப்பம் கொஞ்சம் பெருசா இருக்கு. டாக்டர்ட்ட ஒருவாட்டி காட்டிருங்க சார்.”

பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அவர் எங்கள் தெருவா, அடுத்த தெருவா என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்து நானும் கண்ணாடியில் பார்த்தேன். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. தலையை வலப்பக்கம் திருப்பினால் ஒரு மேடு. புளியங்கொட்டை அளவு. நெறிதான்.

மார்ச் 9, ஞாயிறு

சலூனுக்குப் போகவில்லை. வெயில்.

மார்ச் 12, புதன்

போகவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தாடி வளர்ப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். எழுபத்தொரு வயதுவரை ஒருநாள்கூட வளர்த்ததில்லை. வேலையில் இருந்தவரை அது ஒழுங்கீனம் என்று நினைத்தேன். ஓய்வுபெற்ற பிறகு வளர்க்கத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது, அவ்வளவுதான். இசக்கிமுத்து சொன்னதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

முப்பத்துநான்கு ஆண்டுகள் வானிலை நிலையத்தில் காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் வெப்பமானியையும் மழைமானியையும் பார்த்து எழுதியவன் நான். ஒன்றைத் தவறாமல் அளந்து எழுதினால் அது நம் கைக்குள் இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை சரியா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் தாடியை அளப்பதாக ஏற்பாடு. எஃகு அளவுகோலைக் கீழுதட்டுக்கு அடியில் ஊன்றி, ஒரு முடியை இழுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு முறை.

இன்று 4 மி.மீ.

மார்ச் 23, ஞாயிறு

7 மி.மீ.

உலகம்மாள் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. இது இயல்பாக இல்லை. என் சட்டையில் ஒரு பொத்தான் நிறம் மாறியிருந்தால் தெருமுனைவரை பின்னால் வந்து கேட்பவள் அவள். நாற்பத்துநான்கு வருடம் மழித்தே பார்த்த முகத்தில் பதினெட்டு நாள் முடி நிற்கிறது. தோசை போடுகிறாள், ஒரு பார்வை பார்க்கிறாள், கல்லைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள்.

கேட்காமல் இருப்பதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். காரணம் அவளுக்குத் தெரியும். இசக்கிமுத்துவின் சலூன் காய்கறி மார்க்கெட்டுக்கு எதிரில் இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

10 மி.மீ. அரிப்பு தாங்கவில்லை. செம்பருத்தி இலையை அரைத்துத் தேய்த்துக் கழுவி, ஈரம் போனதும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். சற்றுக் குறைந்தது.

சாயங்காலம் நடக்கப் போனபோது மந்திரமூர்த்தி பிடித்துக்கொண்டான். தபால் ஆபீசில் இருந்து ஓய்வுபெற்றவன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சிநேகிதன், வாய் அப்போதிருந்தே அப்படித்தான்.

“என்னவே இது கோலம்? எவளாவது ஏமாத்திட்டாளா?”

“சும்மாதான்.”

“சும்மா தலைமுடி கொட்டும். தாடி சும்மா முளைக்காது. நம்ம பக்கத்துல கல்யாணமான மனுசன் தாடி வளத்தா ஒண்ணு துக்கம், இல்லன்னா வேண்டுதல். ஒம்ம வீட்டுல துக்கம் ஒண்ணும் இல்ல. யாருக்குவே வேண்டுதல்?”

நான் நடையை எட்டிப் போட்டேன். அதை அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். “சரி, சொல்லாண்டாம். வெளிய சொன்னாப் பலிக்காதும்பாவ” என்று தணிந்த குரலில் சொன்னான். என்னிடம் அவன் தணிந்து பேசியதே இல்லை. அவனுக்கும் ஏதாவது தெரியுமோ?

ஏப்ரல் 13, ஞாயிறு

15 மி.மீ. வெள்ளை. உதட்டுக்கு அடியில் மட்டும் விரலகலத்துக்குப் பழுப்பு. மரச்சீப்பு வாங்கியிருக்கிறேன். பிளாஸ்டிக் சீப்பில் முடி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. முதலில் கீழிருந்து மேலாக, பிறகு மேலிருந்து கீழாகச் சீவ வேண்டும் என்று கண்டுகொண்டேன். சாம்பார் சாதம் சாப்பிட்டபின் மோவாயைத் தனியாகக் கழுவ வேண்டியிருக்கிறது. காப்பியைத் தம்ளரில் அண்ணாந்து குடித்தால் தொல்லையில்லை. ஆனால் அண்ணாந்தால் கழுத்து தெரியும். ஆகவே டவராவில் ஆற்றி வாய் வைத்தே குடிக்கிறேன்.

ஏப்ரல் 16, புதன்

பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் புது ஸ்கூட்டரை என் முன்னால் நிறுத்தி, “சாமி, கொஞ்சம் தொட்டுக் குடுங்க” என்றாள். நான் சாமியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. கைப்பிடியைத் தொட்டேன். அந்த ஸ்கூட்டருக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று மாலைவரை கவலை.

ஏப்ரல் 20, ஞாயிறு

18 மி.மீ. இது வலப்பக்க அளவு. இடப்பக்கத்தில் ஓரிடத்தில் முடி அடர்த்தியாக வரவில்லை. அந்த இடத்தில் தோல் இழுத்தாற்போல் இருப்பது காரணமாக இருக்கலாம். வலப்பக்கத்து முடியைக் கொஞ்சம் எண்ணெய் வைத்து இடப்பக்கமாகச் சீவிவிட்டால் சமமாகத் தெரிகிறது.

மாவட்ட நூலகத்தில் கலைக்களஞ்சியம் எடுத்துப் பார்த்தேன். பொது அறிவுக்காக. கழுத்துச் சுரப்பிகள் பற்றி இரண்டு பக்கம் நன்றாக எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது பக்கம் நோய்கள். புரட்டவில்லை.

அண்ணன் ஒரு செவ்வாய்க்கிழமை தொண்டை கரகரக்கிறது என்று டாக்டரிடம் போனார். போகும்போது வரப்புச் சண்டை, கோர்ட்டு வாய்தா என்று பேசிக்கொண்டு போனவர். திரும்பி வந்தவர் நோயாளி. அதன்பிறகு அவர் போய்ச் சேரும்வரை, பதினான்கு மாதம், யாரும் அவரிடம் வரப்பைப் பற்றிப் பேசவில்லை. போகாமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்வி முட்டாள்தனம் என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்தே எழுதுகிறேன்.

மே 4, ஞாயிறு

23 மி.மீ.

உலகு புறவாசலில் நின்று தொலைபேசியில் பேசினாள். பத்து நிமிடம். நான் குளியலறை ஜன்னலருகே சீப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, கேட்டது. “அவ்வோட்ட ஒண்ணும் சொல்லாத வடிவு. அவ்வோளுக்குத் தெரியும்னுதான் நெனைக்கேன். தெரிஞ்சுக்கிட்டு எங்கிட்டச் சொல்லாம இருக்காவ.” வடிவு ஓசூரில் இருக்கும் எங்கள் மகள்; ‘அவ்வோ’ நான்.

ஆக, மகளுக்கும் தெரிந்துவிட்டது. மூவராகிவிட்டார்கள். மந்திரமூர்த்தியைச் சேர்த்தால் நால்வர்.

நான் வெளியே வந்ததும் போனை முந்தானையில் மறைத்துக்கொண்டு, “வடிவுதான். மாங்காய் ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவுன்னு கேக்கா” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. என் விஷயத்தை என்னிடமே மறைக்கிறார்கள்.

மே 11, ஞாயிறு

26 மி.மீ.

இசக்கிமுத்து வண்டியை நிறுத்தி வழிமறித்தான். இரண்டு மாதமாக அவன் தெருவையே தவிர்த்து வந்தும் பயனில்லை.

“சார், எங்கிட்ட வராட்டாப் போகட்டும். டாக்டர்ட்டப் போனியளா?”

“போனேன்.”

“என்ன சொன்னாரு?”

“நெறிதானாம்.”

“எந்த டாக்டரு சார்?”

நான் ஒரு பெயரும் தயாராக வைத்திருக்கவில்லை. “டவுன்ல” என்றேன். அவன் என் தாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். தொழில்காரன் பார்வை. வலப்பக்க முடி இடப்பக்கம் வந்திருப்பதை அவன் கண்டிருப்பான்.

“நான் அம்மாட்ட ஒண்ணும் சொல்லல சார். நாற்காலியில உக்காந்தவங்க விசயத்த வெளிய சொல்லுத வழக்கம் எனக்கில்ல. ஆனா நேத்து அம்மாவ மார்க்கெட்ல பாத்தேன். சார் ஏன் வாரதில்லன்னு கேட்டேன். வேண்டுதல்னாவ. யாருக்குன்னு கேட்டேன். பொசுக்குனு கண்ணு கலங்கிட்டு. அதான் கேக்கேன்.”

கண் கலங்கியது யாருக்காக? எனக்காகத்தான். அவன் சொல்லாமல் அவளுக்கு எப்படித் தெரியும்? சொல்லவில்லை என்று சொல்பவன் எல்லாம் சொல்லாதவனா?

மே 25, ஞாயிறு

32 மி.மீ. உலகு நெய் அதிகமாக ஊற்றுகிறாள். கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 1, ஞாயிறு

34 மி.மீ. காற்று தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் சாரலாம், இங்கே புழுதிதான். தாடிக்குள் மண் புகுந்து நறநறக்கிறது. சீயக்காய் போட்டுக் கழுவினேன்.

காற்றால் வேறொரு சங்கடம். எதிர்க்காற்றில் நடந்தால் தாடி இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. நடக்கும் நேரத்தைக் காலைக்கு மாற்றியிருக்கிறேன். போகும்போது மேற்கே பார்த்துப் போகாமல் தெற்குத் தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன்.

ஜூன் 12, வியாழன்

உலகு “மந்திரமூர்த்தி அண்ணாச்சி வீட்டுல கொலு பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்காவ, பாத்துட்டு வாரேன்” என்று தன் அண்ணன் மனைவியான மதினியோடு போனாள். கொலுவுக்கு மூன்று மாதம் இருக்கிறது. போன வியாழனும் எங்கோ போனாள். திரும்பி வந்ததும் தண்ணீர்க் குடத்தை என்னைத் தூக்கச் சொன்னாள். எப்போதும் நான் தூக்கினால் “இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நிக்கவா?” என்று பிடுங்கிக்கொள்பவள். என் பலத்தைச் சோதித்துப் பார்க்கிறாள் என்று தோன்றியது. இரண்டு குடம் தூக்கிக் காட்டினேன்.

ஜூன் 22, ஞாயிறு

42 மி.மீ.

வேட்டி தேடியபோது அலமாரியில் அவளுடைய பட்டுச்சேலைகளுக்கு அடியில் ஒரு பெரிய உறை. ஸ்கேன் நிலையத்தின் பெயர் அச்சிட்டிருந்தது. பெயர் எழுதிய பக்கம் கீழே இருந்தது. திருப்பிப் பார்க்க ஒரு வினாடிகூட ஆகாது. நான் திருப்பவில்லை. திருப்பினால் அதில் என் பெயர் இருக்கும். இருந்தால் என்றைக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள் என்ற தேதியும் இருக்கும். தேதி இருந்தால் போக வேண்டும்.

இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்தேன். சேலை மடிப்பு கலையவில்லை.

ஆளை அழைத்துப் போகாமலே ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்ற ஐயம் பிறகு வந்தது. இந்தக் காலத்தில் எல்லாம் முடியும்.

ஜூலை 3, வியாழன்

செய்யக்கூடாததைச் செய்தேன். உலகு பின்னாலேயே போனேன்.

ஆட்டோவில் போனாள், மதினியும் கூட. நான் அடுத்த ஆட்டோ. ஓட்டுநர் என் தாடியைப் பார்த்துவிட்டு “எந்தக் கோயிலுக்கு சாமி?” என்றார். முன்னால் போகும் வண்டியைத் தொடரச் சொன்னேன். அதற்குப் பிறகு சாமி என்று அவர் கூப்பிடவில்லை.

பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கட்டடம். இருவரும் உள்ளே போனார்கள். எதிரே ஜூஸ் கடையில் ஒரு சாத்துக்குடி ஜூஸை வைத்துக்கொண்டு ஒரு மணி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது மதினி அவள் தோளைப் பிடித்திருந்தாள். உலகு வலக்கையை மார்போடு அணைத்து வைத்திருந்தாள். ஏதோ காகிதங்களை மறைக்கிறாள் போலும்.

எனக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். வேறென்ன?

ஜூலை 6, ஞாயிறு

அளக்கவில்லை. இங்கே எழுதாத ஞாயிறுகளில்கூட அளந்திருக்கிறேன்; இத்தனை வருடத்தில் ஓர் அளவு தவறுவது இது இரண்டாம் முறை. முதல்முறை அண்ணன் போன அன்று.

ஜூலை 13, ஞாயிறு

50 மி.மீ. கழுத்துக்குழி மறைந்துவிட்டது. இனி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றும் தெரியாது. நன்றாக வந்திருக்கிறது. விழுங்கும்போது மட்டும் சற்றே இழுக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

55 மி.மீ.

இன்று நடந்ததை அப்படியே எழுத முயல்கிறேன். என் பங்கைச் சரியாக எழுதுவேனா என்பது சந்தேகம்.

காலை பத்து மணி. வெயிலில் உட்கார்ந்து தாடியைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். உலகு வந்து எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கையில் அந்த உறை. ஆக, நேரம் வந்துவிட்டது என்று எழுந்தேன். உட்காரச் சொன்னாள்.

“ஒங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?”

நான் கேட்கவேண்டிய கேள்வியை அவள் கேட்டாள். விழித்தேன்.

“நடிக்காதீங்க. மாசி மாசம் குளிக்கும்போதுதான் எங்கைக்குத் தட்டுப்பட்டுச்சு. வலது மார்ல. மொதல்ல யாருட்டயும் சொல்லல. ஒங்ககிட்டச் சொன்னா ஒடைஞ்சு போயிருவிய, ஒங்க அண்ணன் பெரியத்தான் நெனப்பு வந்துரும்னு சொல்லல. பாத்தா, அடுத்த வாரமே சவரத்துக்குப் போகாம நிக்கிய. எனக்கு நெஞ்சு பக்குன்னு போச்சு. இந்த மனுசன் எப்பிடியோ கண்டுக்கிட்டாவ, கேக்கப் பயந்துக்கிட்டு முருகன்ட்ட நேந்துக்கிட்டாவன்னு.”

உறையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். அவள் பெயர். ஊசி குத்தி எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை முடிவு வந்திருக்கிறது. வெறும் நார்க்கட்டி, கெடுதல் இல்லை.

“பயந்துக்கிட்டு மூணு மாசம் போகாமதான் இருந்தேன். நீங்க தினமும் அந்தத் தாடிய ஒரு குழந்தையக் குளிப்பாட்டுத மாதிரி கழுவுறதும், எண்ண வைக்குறதும், ஞாயித்துக்கிழமை ஸ்கேல வச்சு அளக்குறதும் பாத்தேன். எனக்காக இவ்வளவு செய்யுதாவ, நாம போய் ஒரு டாக்டர்ட்டக் காட்டாம இருக்கோமேன்னு வெக்கமாப் போச்சு. அதான் மதினியக் கூட்டிக்கிட்டுப் போனேன்.”

என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்காகத்தானே?”

நான் தலையசைத்தேன். அசைத்தேனா, தானாக அசைந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். அசைத்தேன்.

அதற்குப் பிறகு செய்தது அதைவிட மோசம். அவளைக் கோபித்துக்கொண்டேன். “இவ்வளவு பெரிய விஷயத்த எங்கிட்ட மறைக்கலாமா? நான் எதுக்கு இருக்கேன்? ஒரு கட்டின்னா ஒடனே சொல்லாண்டாமா?” என்று குரலை உயர்த்தினேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். “தப்புதான். இனிமே மறைக்க மாட்டேன்” என்றாள்.

மாலை சொன்னாள்: “வேண்டுதல முடிச்சிரணும். திருச்செந்தூர்தான? நல்லதா முடிஞ்சப்புறம் தள்ளிப்போடக் கூடாது.”

ஆடி மாதம் என்றேன். எதற்கும் ஆடி ஆகாது என்று வாதிட்டேன். வாழ்நாளில் நான் சகுனம் பார்த்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒத்துக்கொண்டாள். ஆவணி பிறந்து வரும் புதன்கிழமை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

58 மி.மீ. உலகு தேங்காய் எண்ணெய் கிண்ணத்தைத் தானே கொண்டு வந்து வைத்தாள். “இன்னும் பதினேழு நாள்தான். நல்லா வச்சுக்கிடுங்க, சாமிக்குப் போறது” என்றாள். எண்ணெய் வைத்துவிடவா என்றும் கேட்டாள். கை பட்டுவிடும் என்று பின்வாங்கினேன். அவள் முகம் வாடியது.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஒரு யோசனை: மழித்தபின் ஒரு துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ஜலதோஷம் என்று சொல்லலாம். எத்தனை நாள் ஜலதோஷம்?

இன்னொரு யோசனை: வேண்டுதல் ஒரு வருடத்துக்கு என்று சொல்லிவிடலாம். முருகன் பெயரில் இன்னொரு பொய். முதல் பொய்யை நான் சொல்லவே இல்லை, அவளாகவே நினைத்துக்கொண்டாள் என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். நிற்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

60 மி.மீ. மந்திரமூர்த்தி வந்திருந்தான். உலகு காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் என் தோளில் கை வைத்தான்.

“வே, ஒம்மள இத்தன வருசமா ஒரு தொடைநடுங்கின்னு நெனச்சிருக்கேன். மன்னிச்சிரும். எம் பொண்டாட்டி ஒம்மச் சொல்லிச் சொல்லி என் உயிர வாங்குதா. பொண்டாட்டிக்காக ஒரு மனுசன் அஞ்சு மாசம் வாயத் தொறக்காம நேந்துக்கிட்டு நின்னான்னு. நீரு என்ன செஞ்சீரு, தாடி வளத்தீரு. இங்க எனக்குச் சோறு கெடைக்கல.”

சிரிக்க முடியவில்லை. அவன் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. ஆவணி 1

63 மி.மீ. விழுங்கும்போது இழுப்பது கூடியிருக்கிறது. இட்லி பரவாயில்லை, சப்பாத்தி சிரமம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று சொல்லிவிடுவதென்று காலையில் தீர்மானித்தேன். பதினொரு மணிக்கு அடுப்படி வாசல்வரை போனேன். உலகு நாளைக்குப் புளியோதரை கிளறிக்கொண்டிருந்தாள். “என்ன, இப்பவே வாசம் இழுக்குதோ?” என்றாள். ஆமாம் என்று சொல்லித் திரும்பினேன். மூன்று மணிக்கும் போனேன். தூங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் அத்தனை நிம்மதி. நான்கு மணிக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மாலை ஆறு மணி. சற்றுமுன்தான் வீடு வந்தோம். நினைவில் இருக்கும்போதே எழுதுகிறேன்.

முடி காணிக்கை மண்டபத்தில் நல்ல கூட்டம். பெண்கள், கைக்குழந்தைகள், சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, கடைசியாக ஒரு இளைஞர் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். உலகு எனக்குப் பின்னால் புளியோதரைப் பையோடு நின்றாள்.

“மொட்டையா, தாடி மட்டுமா அய்யா?”

“தாடி மட்டும்.”

கையில் தண்ணீர் அள்ளித் தாடியில் விட்டார். எண்ணெய் வைத்துச் சீவியது கலைந்து, வலப்பக்கத்து முடி வலப்பக்கமே போய்விட்டது. புது பிளேடை உடைத்துக் கத்தியில் மாட்டினார். இன்னும் அரை நிமிடத்தில் எல்லாம் வெளியே தெரிந்துவிடும். ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தால் போதும், சொல்லவேண்டிய வேலைகூட இல்லை. நான் அந்த வழியில்தான் போவேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவள் பின்னால் முணுமுணுப்பது கேட்டது. “முருகா, எனக்காக அவ்வோ பட்டது போதும்” என்றாள்.

“தம்பி, கொஞ்சம் இருங்க” என்றேன். “உலகு, இங்க வா.”

வந்தாள். அவள் கையைப் பிடித்து, ஈரத்தாடிக்குள் விட்டு, இடது தாடைக்குக் கீழே வைத்தேன்.

“நான் ஒனக்காக நேந்துக்கிடல. ஒனக்கு ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது. இத மறைக்கத்தான் வளத்தேன்.”

அவள் கையை எடுக்கவில்லை. முதலில் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு மூன்று விரலையும் சேர்த்து மெதுவாக வட்டமாக அழுத்தினாள். மேலே, கீழே, பக்கவாட்டில். அந்த டாக்டர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறையாக இருக்க வேண்டும்.

“வலிக்கா?”

“இல்ல.”

“எத்தன நாளா?”

“மார்ச் அஞ்சாந்தேதியில இருந்து.”

“மார்ச்சா?” அவள் விரல் நின்றது. “என்னையப் போட்டு அந்தக் கத்து கத்துனியளே. ஒரு கட்டின்னா ஒடனே சொல்லாண்டாமான்னு. இத வச்சுக்கிட்டா கத்துனிய?”

நான் தலைகுனிந்தேன்.

“நிமிருங்க. எனக்கு எடம் தெரியல.”

இளைஞர் கத்தியைப் பிடித்தபடி, “ஆச்சி, பின்னால ஆளு நிக்கி” என்றார்.

“நிக்கட்டும். சாமி எங்கயும் ஓடிராது.” பிறகு என்னிடம் குனிந்து, குரலை இறக்காமலே சொன்னாள்: “ஒங்க தாடியப் பாத்துத்தான் நான் டாக்டர்ட்டப் போனேன். நீங்க எதப் பாத்துப் போறதா இருந்திய?”

நான் சம்மணத்தை மாற்றிப் போட்டேன்.

“எடுங்க தம்பி” என்றாள். “முழுசா எடுங்க. இந்த எடத்துல மட்டும் மெதுவா.”

“வேண்டாத காணிக்கைய எப்பிடி...” என்று இழுத்தேன்.

“நான் வேண்டியிருக்கேன். ஒங்க நேர்ச்சைக்குப் பலன் கெடைக்கணும்னு தெனமும் கும்பிட்டேன்லா. அவருக்குத் தெரியும் எது யாருதுன்னு. நீங்க வாய மூடுங்க, கத்தி பட்டுரும்.”

ஐந்து நிமிடம் ஆகவில்லை. ஐந்தரை மாதம் மடியில் விழுந்து கிடந்தது. கடற்காற்று முகத்தில் பட்டபோது சட்டை இல்லாமல் தெருவில் நிற்பதுபோல் கூச்சமாக இருந்தது. உலகு என் மோவாயைப் பிடித்து வலப்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அழவில்லை. “எலுமிச்சங்காயளவு இருக்கும்” என்று மட்டும் சொன்னாள். அவ்வளவு இராது. எலுமிச்சையில் பாதி. ஆனால் புளியங்கொட்டை இல்லை.

தரிசனம் முடிந்ததும், மணலில் நின்றபடியே தன் டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தாள். அவர் வேறொருவரைச் சொன்னார். நாளை காலை பத்தரை மணிக்கு நேரம் வாங்கிவிட்டாள். நான் பக்கத்தில் புளியோதரையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் எனக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியதும் கையைத் தூக்கி, அந்த இடத்தில் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவள் என்னைத் தொட்டதில்லை.

“கைய எடு. பாக்காவ.”

“பாக்கட்டும். மறைச்சு வச்சது போதும்.”

சீட்டுக் கொடுக்க வந்த நடத்துநர் குனிந்து, “தாத்தாவுக்குப் பல்வலியா ஆச்சி?” என்றார்.

“பல்லு இல்ல தம்பி. கட்டி. நாளைக்கு டாக்டர்ட்டப் போறோம்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பேருந்தே கேட்டுவிட்டது. முன் இருக்கைக்காரர் திரும்பி, தன் மாமாவுக்கு இதே இடத்தில் வந்தது என்றார். பின்னாலிருந்து ஒரு அம்மாள் அந்த மாமா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். “நல்லாத்தான் இருக்காரு, சொத்தத்தான் யாருக்கும் எழுதி வைக்க மாட்டேங்காரு” என்றார் அவர். யாரோ சிரித்தார்கள். உலகுவும் சிரித்தாள். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஒருவரும் என்னை உற்றுப் பார்க்கவில்லை. அவரவர் தம் மாமன்களைப் பற்றியும் ஆஸ்பத்திரிகளைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

நாளை என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. உலகுவுக்கும் தெரியாது. அவள் ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். செய்துங்கநல்லூர் வந்தபோது கை வலித்தது போலும். வலக்கையை எடுத்துவிட்டு இடக்கையை வைத்தாள்.